முதல்ல கழிவுக் குழாயைத் தாழுங்கோ, பிறகு மாடியைக் கட்டுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில ஒரு ஒழுங்கையில முப்பது வருசத்துக்கு மேல இருக்கிறன், கட்டட வேலையில சைட் சுப்பவைசரா இருந்து ரிட்டயர் ஆன ஆள், அதால சீமெந்து, பைப் எண்டு பேச்சு வந்தா வாயை மூடிக்கொண்டு இருக்கேலாது, மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

எங்கட ஒழுங்கையில முந்தி ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது, முத்தத்தில மாமரம், வீட்டில ஆறு சனம். அதை இடிச்சுப்போட்டு ஏழு மாடி வந்திட்டுது, மாடிக்கு நாலு வீடு, மொத்தம் 28. வீட்டுக்கு நாலு பேர் எண்டு பாருங்கோ, 112 பேர், ஆளுக்கு நூறு லீற்றர் எண்டு குறைச்சுப் போட்டாலும் ஒரு நாளைக்கு 11,200 லீற்றர் கழிவுத் தண்ணி. முந்தி ஆறு பேர் குளிச்ச தண்ணி போன அதே ஆறு இஞ்சிக் குழாயிலதான் இதுவும் போகுது. சனம் குடிவந்து, பால் காய்ச்சி, அம்மன் கோயில் பிரசாதமும் எங்களுக்குத் தந்த பிறகுதான் குழாய் வேலைக்கு ரோட்டைக் கிண்ட ஆக்கள் வந்தவை.

போன மாரியில ஒரு நாள் பின்னேரம் பெரிய மழை. எங்கட கேற்றுக்கு முன்னால இருக்கிற மேன்ஹோல் மூடி, இரும்பு மூடி, ரெண்டு பேர் சேந்தாத்தான் தூக்கலாம், அது தன்ர பாட்டில டக் டக்கெண்டு ஆடுது. முதல்ல கரப்பான் பூச்சி ஓடிவந்தது, பிறகு தண்ணி, பிறகு வந்ததை நான் பேப்பரில எழுத விரும்பேல்லை. முன்வீட்டு ஐயா மருந்து எடுக்கப் போகோணும் எண்டு செங்கல்லை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வச்சு, குடையையும் பிடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக் கடந்து போனார், அவருக்கு எண்பது வயசு. உரிய கந்தோருக்குப் போன் எடுத்தா கழிவு உறிஞ்சுற பௌசர் வண்டி அனுப்புறம் எண்டினம், பௌசர் வந்தது அடுத்த நாள் மத்தியானம்.

மழைத் தண்ணிக்கும் கக்கூஸ் குழாய்க்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பியள். கொழும்பில கழிவுநீர்க் குழாய் வேற, மழைத் தண்ணி வாய்க்கால் வேற. ஆனா மொட்டைமாடியில விழுற மழைத் தண்ணியைக் களவாக் கழிவுக் குழாயில மாட்டி விடுற வழக்கம் எங்கட ஆக்களிட்டயே கனக்க இருக்கு, வாய்க்கால் தூரமா இருந்தா பைப் மிச்சம் பாருங்கோ. அதான் மழை பெய்தவுடன பொங்குது.

இப்ப விசயத்துக்கு வாறன். என்ர தங்கச்சி குடும்பம் கனடாவில ஒன்டாரியோவில இருக்கினம், அங்க கன நகரங்களில ஒரு நடைமுறை இருக்கு. புதுசா ஒரு வீட்டுத் திட்டம் வரப்போகுது எண்டா கடைசி அப்ரூவல் கையில வர முதலே கழிவுக் குழாய், தண்ணிக் குழாய் வேலையை மட்டும் தொடங்க விடுகினம். ஆனா சும்மா இல்லை, கட்டுறவர் வங்கிப் பிணை வைக்கோணும், பிறகு திட்டம் மாறினாலோ அப்ரூவல் வராட்டியோ நட்டம் அவரோட. கழிவுக் குழாய் பம்ப் இல்லாம தானா ஓடோணும், அதுக்குச் சரிவு வேணும், அதால அதுதான் நிலத்தில மற்றதுகளை விட ஆழமாத் தாழும், அப்ப அதைத்தானே முதல்ல செய்யோணும்? எங்களுக்குப் படிப்பிச்ச பழைய கணக்கு ஆறு இஞ்சிக் குழாய்க்கு அறுபது அடிக்கு ஒரு அடி இறக்கம். வீடு கட்டின பிறகு அந்த இறக்கத்தை எங்க தேடுறது, குறுக்கால கரண்ட் கேபிள், டெலிபோன் கேபிள், ஆரோவின்ர மதில் அத்திவாரம்.

கொழும்பின்ர குழாய் நூறு வருசத்துக்கு மேற்பட்டது, வெள்ளைக்காரன் போட்டது. முகத்துவாரத்திலயும் வெள்ளவத்தையிலயும் உள்ள ரெண்டு கடல் குழாயாலதான் கழிவு கடலுக்குப் போகுது. 2009இல ஆசிய அபிவிருத்தி வங்கி 10 கோடி டொலர் கடன் குடுத்து பம்ப் நிலையங்கள், பழைய குழாய்களைத் திருத்துற வேலை தொடங்கினதும் உண்மை. ஆனா பெரிய குழாயை எவ்வளவு திருத்தினாலும் ஒழுங்கைக் குழாய் பழைய சைஸிலயே கிடந்தா அடைக்கத்தான் செய்யும்.

அதால இஞ்சையும் குழாய் வேலைக்கு முன்கூட்டியே அனுமதி குடுங்கோ எண்டு கேக்கிறன். எனக்கு இதில ஒரு பயமும் இருக்கு, மறைக்கேல்லை. குழாய் தாட்டாச்சு, காசு செலவழிச்சாச்சு, இனி எப்பிடி மாடிக்கு இல்லை எண்டு சொல்லப்போறியள் எண்டு வந்து நிப்பினம், எங்கட ஆக்களின்ர கெட்டித்தனம் எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அந்த வங்கிப் பிணையும், "அனுமதி குழாய்க்கு மட்டும்" எண்ட எழுத்தும். இன்னொண்டு, தன்ர கட்டடத்துக்கு மட்டும் காணுற சைஸில போட விடக்கூடாது, ஒழுங்கை முழுக்க மாடியானா எவ்வளவு வருமோ அந்தக் கணக்கில போடோணும், கூடுற காசைப் பிறகு கட்ட வாறவையிட்ட அறவிட்டு முதல் ஆளுக்குத் திருப்பிக் குடுக்கலாம். குழாயை மூட முதல் தண்ணி விட்டு டெஸ்ட் பண்ணிக் காட்டோணும். அது சரிவராட்டி குடிபுகுற சேர்ட்டிபிக்கட் குடுக்கக் கூடாது, இதில மாத்திரம் ஒருத்தருக்கும் இரக்கம் பாக்க வேண்டாம்.

ஒழுங்கைத் தொங்கல்ல இன்னொரு பழைய வீட்டுக்கு இப்ப தகரம் அடைச்சாச்சு, பெரிய போர்டும் வச்சாச்சு, எட்டு மாடியாம், நீச்சல் குளமும் இருக்காம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சுப் பாத்தன், குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்