இழுப்புக்காரருக்கு நிழல் தெரிந்தாலே காசநோயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பகுதியில் ஆஸ்துமா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இன்ஹேலரை விரிவாக விளக்கியவர், அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையால் வரும் நுரையீரல் ஒவ்வாமையைத் தொடவே இல்லை. எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏபிபிஏ எனப்படும் இந்நோய் பெரும்பாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கே வருகிறது. 1952-லேயே இங்கிலாந்து மருத்துவர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் நம் நாட்டில் இதைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளை நிழலாகத்தான் தெரியும். ஆனால் ஏபிபிஏ நிழல் ஓரிடத்தில் நிற்காது. வலப்பக்கம் தெரிந்தது மறைந்து, பிறகு இடப்பக்கம் வரும். பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். அவற்றைத் தயவுசெய்து யாரும் தூக்கிப் போடாதீர்கள். நோய் இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் உண்டு.

சந்தேகத்தைத் தீர்ப்பது நுரையீரலை மிக நுணுக்கமாகக் காட்டும் எச்ஆர்சிடி எனப்படும் சிடி ஸ்கேன்தான். மூச்சுக்குழாய்கள் நுரையீரலின் நடுப்பகுதியிலேயே விரிந்திருப்பதை அது காட்டிவிடும். குழாயை அடைத்த சளி, முதுகெலும்பை ஒட்டிய தசையைவிட வெண்மையாகத் தெரிந்தால் ஏபிபிஏ என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதைப் பார்க்க ஊசி மருந்து ஏற்றாமல் எடுக்கும் சிடியே போதும். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. சிறுவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் காற்று நிறைந்த நுரையீரலின் சிறு குழாய்களை அது சிடி அளவுக்குத் தெளிவாகக் காட்டாது, செலவும் கூடுதல். நோயைக் கண்டறிய சிடி, மருந்து தொடங்கியபின் முன்னேற்றம் பார்க்க எக்ஸ்ரே என்பதே சரியான வழி. அடிக்கடி சிடி எடுத்தால் கதிர்வீச்சுதான் மிச்சம்.

படத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை: அஸ்பெர்ஜில்லஸுக்கான ஐஜிஇ (ஒவ்வாமையின்போது இரத்தத்தில் கூடும் எதிர்ப்புப் புரதம்), பிறகு மொத்த ஐஜிஇ. மொத்த ஐஜிஇ ஒரு மில்லி லிட்டருக்கு 1000 யூனிட்டைத் தாண்ட வேண்டும் என்றிருந்த வரம்பை 2024-ல் திருத்திய சர்வதேச வழிகாட்டுதல் 500 ஆகக் குறைத்துவிட்டது.

இங்கே செட்டிநாட்டில், பிள்ளையார் நோன்புக்கும் முன்னோரை வழிபடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் நெடுநாள் பூட்டிக்கிடந்த வீடுகளைத் திறக்கிறோம். ஈரமும் தூசியும் படிந்த உள்ளறைகளைப் பெருக்குகிறவர்களில் இழுப்பு உள்ள பெண்களும் உண்டு. பூஞ்சை வளர ஏற்ற இடம் அது. அவர்களை அந்த வேலைக்கு அனுப்பாமல் இருப்பதும், மற்றவர்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கித் தருவதும் வீட்டுக்காரர்களின் கடமை.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த ஆஸ்துமா நோயாளிக்கு, எக்ஸ்ரே நிழலை மட்டும் நம்பிக் காசநோய் மாத்திரை எழுதுமுன் இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யுமாறு மருத்துவர்களை வேண்டுகிறேன். எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அது எளிதில் கிடைக்கும்படி சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பணியாளர்,
காரைக்குடி.