அண்ணாவுக்கு, வான் வாங்கிய கணக்கு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
08 மார்கழி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் இங்கு நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அம்மாவும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். சென்ற கிழமை தொலைபேசியில் பேசும்போது, லொறி வாங்கப் போகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் கடைசியில் ஏன் ஒரு வானோடு வந்து நிற்கிறான் என்று கேட்டீர்கள். காசு போதாமல்தான் சின்ன வாகனத்தை எடுத்துவிட்டேன் என்று நினைத்து, கொடிகாமத்துத் தென்னங்காணியை விற்று அனுப்புவதாக அம்மாவிடம் நீங்கள் சொன்னதைக் கேட்டு அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் காணியை விற்கவே வேண்டாம். வானை எடுத்தது காசு இல்லாமல் அல்ல. எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு. உங்களைப் போல் இருபது வருடம் கன்ரர் லொறி ஓட்டியவருக்கு அதைத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் கார்த் தொழிற்சாலைகள் பல உள்ளன. அலிஸ்டனில் ஹொண்டாவும் கேம்பிரிட்ஜிலும் வூட்ஸ்டொக்கிலும் டொயோட்டாவும் இயங்குகின்றன. இவை உதிரிப்பாகங்களை மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதில்லை. இன்று பூட்ட வேண்டியது இன்றோ நேற்றோ வந்து சேரும். எங்காவது ஒரு பெட்டி தவறிவிட்டால் முழு வரிசையும் நின்றுவிடும் என்பதால், 53 அடிப் பெரிய ட்ரெயிலர் நிரம்பும்வரை காத்திராமல் அந்த ஒரு பெட்டிக்காக மட்டும் ஒரு வானைக் கூப்பிடுவார்கள். 2022 பெப்ரவரியில் கனடாவின் விண்ட்சருக்கும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கும் இடையிலுள்ள அம்பாசிடர் பாலத்தைப் போராட்டக்காரர் மறித்தபோது நான் ஒரு உதிரிப்பாகக் களஞ்சியத்தில், சரக்கைத் தூக்கி வைக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் தொழிற்சாலைகள் வேலை நேரத்தைக் குறைத்தன. ஒரு பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு பெரிய விடயம் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

அதன் பின்னர் களஞ்சியத்திலிருந்து அவசரமாக வெளியேறிய ஒவ்வொரு சுமையின் நீளம், அகலம், உயரம், நிறை நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். சரக்கு ஏற்றும் மரப் பலகைத் தட்டை இங்கே ஸ்கிட் என்பார்கள். அதன் வழக்கமான அளவு 48 அங்குலத்துக்கு 40 அங்குலம். கொப்பியைப் புரட்டினால் பெரும்பாலான சுமைகள் ஒரு ஸ்கிட் அல்லது இரண்டு. நான்கைத் தாண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரிய லொறி பெரிய கூலி தரும் என்பது உண்மை. ஆனால் பெரிய சுமைக்காகக் காத்துக்கிடக்கும் நாட்களுக்கு யாரும் கூலி தருவதில்லை. சுன்னாகம் சந்தையில் நான்கு மூட்டை வெங்காயத்துக்கு உங்கள் கன்ரரைக் கூப்பிடாமல் சின்னப் பட்டா லொறியைக் கூப்பிடுகிறார்களே, அதே கதைதான் இங்கும்.

இருந்தாலும் எல்லா வானும் இதற்கு உதவாது. இதை ஒரு சுமையை இழந்துதான் கற்றுக்கொண்டேன். வேலையைப் பழகிப் பார்க்கவென்று முதல் மாதம் கூரை தாழ்ந்த பழைய வான் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஓர் இரவு பதினொரு மணிக்கு மிசிசாகாவில் ஒரு வாசலுக்குப் போனேன். போர்க்லிஃப்ட் ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்கதவுக்கு நேரே நிறுத்தினார். என் வானின் வாசல் உயரம் 51 அங்குலம். பெட்டி, பலகையோடு சேர்த்து 56. ஐந்து அங்குலம்! சரித்து ஏற்றலாமா என்று கேட்டேன்; சரிக்கக் கூடாது என்ற அம்புக்குறி அட்டையை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். இருபது நிமிடத்தில் உயரக்கூரை வான் ஒன்று வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அளவு நாடா இல்லாமல் நான் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை.

ஆகவே உயரக்கூரை என்பது முடிவாகிவிட்டது. அந்த வகையில் இங்கே மூன்று வான்களைத்தான் இந்தத் தொழிலில் அதிகம் காணலாம்: ராம் புரோமாஸ்டர், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், போர்ட் ட்ரான்சிட். புரோமாஸ்டர் முன்சில்லு இழுவை; அதனால் தரை மிகவும் தாழ்ந்திருக்கும், சுவர்களும் ஏறக்குறைய நேராக நிற்கும். கையால் ஏற்றி இறக்கும் வேலைக்கு அதுபோல் வேறில்லை. ஸ்பிரின்டரின் நீண்ட வகை மூன்றிலும் அதிக இடம் தருவது. அதன் டீசல் இயந்திரம் நெடுந்தூரத்துக்குச் சிக்கனமானது. நான் எடுத்தது ட்ரான்சிட் 350, நீட்டிய உடலும் உயரக்கூரையும் கொண்ட 2020 மாதிரி. உள்ளே 487 கனஅடி. தரை நீளம் பதினான்கு அடிக்குச் சற்று மேல். பின்சில்லுகளுக்கு மேலுள்ள இரண்டு தகரப் புடைப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ 55 அங்குலம் இருப்பதால், 48 அங்குலப் பக்கத்தைக் குறுக்கே வைத்து நான்கு ஸ்கிட்டை வரிசையாக அடுக்கலாம். நான் உள்ளே நிமிர்ந்து நடக்கலாம்.

டீசல்தான் எனக்கும் முதலில் ஆசை. டீசல் இயந்திரத்தின் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இப்போதைய டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடியும், அதோடு யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தாங்கியும் உண்டு. அந்தக் கரைசல் பூச்சியத்துக்குக் கீழே 11 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். அதை உருக்குவதற்கென்றே ஒரு சூடாக்கி, அதற்கு ஓர் உணரி, அது பழுதானால் ஓர் எச்சரிக்கை விளக்கு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வாகனத்தில் இந்த வடியில் படிந்த கரி தானாக எரிந்து அது சுத்தமாகும். என்னைப்போல் இன்று நாற்பது கிலோமீற்றர், நாளை காத்திருப்பு, மறுநாள் 900 கிலோமீற்றர் என்று ஓடுபவனுக்கு அடைத்துக்கொள்ளும். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது அப்பா சிறு போத்தலில் பெற்றோலை வைத்துக் காரை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டியதை நினைத்தேன். கோளாறு வந்தால் நடுவழியில் தானே திறந்து பார்த்துத் திருத்தும் வாகனம் இங்கே எதுவும் இல்லை; ஆகவே கோளாறு வரக்கூடிய உறுப்புகள் குறைந்ததைத் தேடினேன். பெற்றோல் இயந்திரம் நூறு கிலோமீற்றருக்கு இரண்டொரு லீற்றர் கூடக் குடிக்கிறது; அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன்.

பாவித்த வாகனத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் வீதிகளில் உப்பைக் கொட்டுவார்கள். காரைநகர்க் கடற்காற்று நம் தகரக் கூரைகளைத் தின்றதுபோல் அந்த உப்பு வாகனத்தின் அடியைத் தின்கிறது. விலை குறைவாகக் கிடைத்த ஒரு டீசல் வானைப் பார்க்கப் போனபோது கதவுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். வர்ணம் புதிது, உள்ளே தகரம் பொருக்காக உதிர்ந்தது. விற்பவரிடம் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது எடுத்ததை இருண்ட களஞ்சியத்துக்குள் விளக்குப் பிடித்து, அடியில் படுத்துப் பார்த்தே எடுத்தேன். நான்கு சில்லும் இழுக்கும் வகை அது. ஒன்ராறியோவிலேயே லண்டன் என்றொரு ஊர் உண்டு; அதைச் சுற்றி 401 நெடுஞ்சாலையில் ஏரிப் பக்கமிருந்து திடீரென்று பனி கொட்டும்போது அதன் அருமை தெரிகிறது. பனிக்கால ரயர் நான்கும் போட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட லொறி. 24 அடிப் பெட்டி லொறியை இங்கே ஸ்ட்ரெயிட் ட்ரக் என்பார்கள். பன்னிரண்டு ஸ்கிட் ஏறும். அனுமதிப்பத்திரம் ஒரு தடையல்ல, ஏனெனில் ஒன்ராறியோவில் சாதாரண ஜீ வகைப் பத்திரத்தோடு 11,000 கிலோ வரை ஓட்டலாம். தடை 4,500 கிலோ என்ற எல்லையில் இருக்கிறது. வாகனத்தின் மொத்த நிறை அதைத் தாண்டினால் வணிக வாகன இயக்குநர் பதிவு, வருடாந்தப் பரிசோதனை, தினசரிப் பரிசோதனைத் தாள், ஓட்டிய மணிகளின் பதிவேடு, நெடுஞ்சாலை நிறுவைத் தளங்களில் நிறுத்துதல் எல்லாம் வந்து சேரும். அமெரிக்காவில் அந்த எல்லை 10,001 இறாத்தல், அதாவது ஏறத்தாழ அதே நிறைதான். என் வானின் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தகட்டில் 9,500 இறாத்தல் என்று இருக்கிறது. இதே ட்ரான்சிட்டில் பின்னால் இரட்டைச் சில்லுள்ள வகை எல்லைக்கு மேலே போய்விடும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் சில்லு மட்டும்தான். ஆகவே நான் வண்டியைப் பார்க்குமுன் அந்தத் தகட்டைப் பார்த்தேன்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எல்லைக்கு மேற்பட்ட லொறிச் சாரதி கனடாவில் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கும் அமெரிக்காவில் 11 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டக் கூடாது. அதை மின்பதிவுக் கருவி எண்ணிக்கொண்டிருக்கும். சிறிய வானில் அந்தக் கருவி இல்லை. அதனால் வேலை கொடுப்பவர்களில் சிலர், பகல் முழுதும் ஓடியவனை இரவிலும் ஓடச் சொல்வார்கள். அவர்கள் தருவதாகச் சொல்லும் கூலியும் ஆசை காட்டும். நான் களஞ்சியத்துக் கொப்பியிலேயே ஓட்டிய மணிகளின் கணக்கைத் தொடர்ந்து எழுதுகிறேன். 11 ஆனதும் நிறுத்திவிடுவேன். இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போயின. பரவாயில்லை.

எங்கே ஓடுகிறேன் என்றும் கேட்டீர்கள். விண்ட்சருக்கு ஏறத்தாழ 370 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதுபோல். சிலவேளை பாலத்தைத் தாண்டி மிச்சிகன், ஒகாயோ, கென்டக்கி வரை. எல்லைக்கு வருவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னர் சரக்கின் விபரத்தை மின்வழியில் அனுப்பியிருக்க வேண்டும். அமெரிக்காவில் இறக்கிய பின்னர் அங்கேயே ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கக் கனடாச் சாரதிக்கு அனுமதியில்லை. கனடாவுக்கு வரும் சுமைதான் ஏற்றலாம். அது கிடைக்காவிட்டால் வெறும் வானோடு திரும்ப வேண்டும். வெறுமையாகத் திரும்பும் அந்த நீண்ட வழியில்தான் லொறியும் வானும் வேறுபடுகின்றன: டீசலும் ரயரும் தேய்மானமும் பெரிய வாகனத்துக்கு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காப்புறுதியும் அப்படித்தான். குடும்பக் காருக்குரிய காப்புறுதி கூலிச் சரக்குக்குச் செல்லாது. வானுக்கே வணிகக் காப்புறுதியும் சரக்குக் காப்புறுதியும் தனியாக எடுக்க வேண்டும். எனக்கு ஒரு சரக்கு நிறுவனத்தின் கீழ் ஓட இடம் கிடைத்ததால் அந்தச் சுமை கொஞ்சம் குறைந்தது.

வானுக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். களஞ்சியங்களின் ஏற்றுமேடை நான்கடி உயரம். என் தரை அதைவிட மிகவும் தாழ்வு. ஆதலால் நிலமட்ட வாசல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். போர்க்லிஃப்ட் உள்ளே ஏற முடியாது. முதல் ஸ்கிட்டை வாசலில் வைத்துவிட்டு, இரண்டாவதைக் கொண்டுவந்து அதன் முதுகில் மெதுவாக முட்டித் தள்ளும்போது முதலாவது உள்ளே நகரும். தரையில் வழுவழுப்பான ஒட்டுப்பலகை போட்டிருப்பதால் அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். போர்க்லிஃப்டில் எட்டு வருடம் இருந்தவன் என்பதால், எதிரே இருப்பவர் அவசரப்படுகிறாரா நிதானமாகத் தள்ளுகிறாரா என்பது எனக்கு நெம்புகோலில் அவர் கையைப் பார்த்தாலே தெரியும். அவசரக்காரர் என்றால் இறங்கி நின்று கையசைத்து நிறுத்துவேன்.

சுவர் நெடுகிலும் பட்டிகளைக் கொளுவும் இரும்புத் தண்டவாளம் பூட்டியிருக்கிறேன்; இருக்கைக்குப் பின்னால் தகரத் தடுப்பு. பாரமான பெட்டிகளுக்கு இறுக்குப் பட்டிதான் சரி. ஆனால் நீளக் குழாய்களும் சுருட்டிய விரிப்புகளும் வரும்போது, பட்டி இறுக்கி முடிந்த பின்னர் மேலே ஒரு கயிறும் போடுகிறேன். அப்பா லொறியில் தார்ப்பாயைக் கட்டும்போது கயிற்றில் ஒரு கண்ணி எடுத்து, கொழுக்கியில் கொடுத்து, திரும்ப அதே கண்ணிக்குள்ளால் இழுப்பாரே, அந்த முடிச்சு. முதற்பாதி என் கைக்கு வருகிறது. இரண்டாவது சுற்றை உள்ளே கொடுக்க வேண்டுமா வெளியே கொடுக்க வேண்டுமா என்பது மறந்துவிட்டது. வெளியே கொடுத்தால் நெகிழ்கிறது.

காணி உறுதியை அம்மாவின் பெட்டியிலேயே திரும்ப வையுங்கள். தென்னைகளுக்கு இந்த மாரியில் பசளை போட நான் அடுத்த கிழமை காசு அனுப்புகிறேன். நீங்கள் கன்ரரில் தார்ப்பாய் கட்டும்போது பெரியவனிடம் தொலைபேசியைக் கொடுத்து அந்த முடிச்சை, கை மறைக்காத பக்கமாக நின்று, படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி