நாற்பது பாகை என்று எழுதிக் கொடுக்காதீர்கள்: இலண்டன் தமிழ்ப் பெற்றோருக்கும் ரியூஷன் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான பெற்றோருக்கும், சனி ஞாயிறுகளில் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் இங்கே ஒரு பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்கிறேன். பிள்ளைகள் செய்முறைக்கு வரமுன் கரைசல்களைக் கலந்து, நீர்த்தொட்டிகளைச் சூடாக்கி வைப்பதும், அவர்கள் போனபின் சோதனைக் குழாய்களைக் கழுவுவதும் என் வேலை. புள்ளி போடுவது நான் இல்லை என்பதால் என் முன்னால் அவர்கள் தாராளமாகக் கதைப்பார்கள். அப்படிக் காதில் விழுந்தவைதான் இந்த மடலை எழுத வைத்தன.

ஏ லெவல் முதலாம் ஆண்டிலேயே நொதியச் (என்சைம்) செய்முறை வந்துவிடும்: எந்த வெப்பநிலையில் நொதியம் கூடிய வேகத்தில் வேலை செய்கிறது என்று பார்ப்பது. ஏ.கியூ.ஏ. என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தில் கட்டாயச் செய்முறைகளின் வரிசையில் முதலாவது அதுதான். பெரும்பாலும் மாப்பொருளும், அதைச் செரிக்கும் நொதியமான அமைலேசும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் இரண்டையும் கலந்து, முப்பது செக்கனுக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து, வெள்ளைத் தட்டின் குழிகளில் இருக்கும் அயடீனில் விடுவார்கள். கருநீலம் வராமல் அயடீனின் மண்ணிறமே நின்றால் மாப்பொருள் முடிந்துவிட்டது என்று பொருள்.

செய்து முடித்ததும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, "உனக்கு எதில் கூட வேகம்?" ஒரு பிள்ளை அறுபது பாகை என்கிறாள். மற்றவன் உடனே, பிழை, நாற்பதுதான் வர வேண்டும், ரியூஷன் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது என்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்த மேசையில் எல்லாருடைய அட்டவணையும் நாற்பதுக்கு மாறிவிடும். வரைபு மணி வடிவில் வடிவாக வந்துவிடும்.

அறுபது என்ற அந்தப் பிள்ளை கண்டது சரி. போத்தலை எடுத்துக் கொடுத்த எனக்குத் தெரியும். பாடசாலைகள் வாங்கும் அமைலேஸ் பல வேளைகளில் மனித உமிழ்நீரிலிருந்து எடுத்தது அல்ல, பக்டீரியாவிலிருந்து எடுத்தது. துணி ஆலைகளில் நூலின் கஞ்சியை நீக்கவும் சலவைத்தூளிலும் பயன்படுகிற இனம். அறுபது, எழுபது பாகையிலும் அது சளைக்காமல் வேலை செய்யும். முப்பத்தேழு பாகை நம் வாய்க்குள் இருக்கும் அமைலேசுக்கு உரிய கணக்கு, நோட்டில் இருக்கும் நாற்பதும் அதை ஒட்டியதுதான். எல்லா அமைலேசும் நம் உடம்பின் வெப்பநிலையில்தான் கூடிய வேகத்தில் இயங்க வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. "இந்த நொதியம் எங்கிருந்து வந்தது?" என்று அந்த மேசையில் ஒருவர் கேட்டிருந்தால் போத்தலின் லேபிளைக் காட்டியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. விடை ஏற்கனவே கையில் இருந்ததே.

வேறு விதமாகவும் பிசகும். சிலர் அவசரத்தில் அயடீனைச் சூடான குழாய்க்குள்ளேயே விட்டுவிடுவார்கள். சூட்டில் அயடீன்–மாப்பொருள் நீலம் தானாகவே மங்கும், ஆறினால் திரும்பும். நொதியம் முழுவதையும் செரித்துவிட்டது என்று எழுதிவிட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் குழாய் மறுபடி நீலமாக நிற்கும். அதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பிள்ளையை எனக்கு நன்றாகப் பிடிக்கும். அன்றைக்கு அந்த வகுப்பில் ஆகக் கூடப் படித்தது அந்தப் பிள்ளைதான்.

இன்னொன்று, நேரம். முப்பது செக்கனுக்கு ஒருமுறைதான் துளி எடுக்கிறோம். மூன்றரை நிமிடம் என்று எழுதினால், உண்மையில் அது மூன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில் எங்கோ முடிந்திருக்கிறது. நொதியம் செறிவாக இருந்தால் ஐம்பதிலும் அறுபதிலும் முதல் துளியே மண்ணிறமாக இருக்கும். அப்போது எது வேகம் கூட என்று சொல்லவே முடியாது. கரைசலை ஐதாக்கித் திரும்பச் செய்ய வேண்டும். அதோடு எது கடைசி நீலம், எது மண்ணிறம் என்று இரண்டு பேரின் கண் ஒரே மாதிரி முடிவு செய்வதும் இல்லை. பிள்ளைகள் இதைப் பற்றி வாக்குவாதப்படுவது கேட்க இனிமையான சத்தம்.

சரி, இதற்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள்.

"செய்முறைக்குப் புள்ளி இல்லைத்தானே, ஏன் நேரத்தை வீணாக்குகிறாய்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லக் கேட்கிறேன். அரைவாசி உண்மை. 2015 செப்டெம்பரில் இங்கிலாந்தில் ஏ லெவல் மாறியது. 2017இல் புதிய முறையில் முதல் பரீட்சை நடந்தது. அதற்கு முன் செய்முறை மதிப்பீட்டுப் புள்ளிகள் இறுதித் தரத்தில் சேர்ந்தன. கிட்டத்தட்ட எல்லாரும் உச்சத்திலேயே குவிந்ததால் கெட்டிக்காரரைப் பிரித்தறிய அந்தப் புள்ளிகள் உதவவில்லை. இப்போது செய்முறைக்குத் தனிச் சான்று. குறைந்தது 12 செய்முறைகள், இரண்டு வருடம் ஆசிரியர் பார்த்து மதிப்பிடுவார், முடிவில் சித்தி அல்லது வகைப்படுத்தப்படவில்லை, அவ்வளவுதான். ஏ, பி என்ற தரத்தோடு அது சேராது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் விஞ்ஞானத் துறை அனுமதிக்கு அந்தச் சித்தியைக் கேட்கின்றன.

மற்ற அரைவாசியை யாரும் சொல்வதில்லை. எழுத்துப் பரீட்சைப் புள்ளிகளில் குறைந்தது 15 சதவீதம் செய்முறைத் திறன் பற்றியது. கலப்பதற்கு முன் இரண்டு குழாய்களையும் ஏன் ஐந்து நிமிடம் நீர்த்தொட்டியில் வைத்தார்கள்? கொதிக்க வைத்த நொதியத்தோடு ஏன் ஒரு குழாய்? வரைபிலிருந்து ஆரம்ப வேகத்தை எப்படி எடுப்பாய்? இந்த முடிவை ஏன் முழுதாக நம்ப முடியாது? கடைசிக் கேள்வியில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். "மனிதப் பிழை" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அதற்குப் புள்ளி கிடைக்காது. முப்பது செக்கன் இடைவெளியைப் பற்றி நண்பனோடு சண்டை பிடித்த பிள்ளைக்கு அந்த விடை மனப்பாடம் செய்யாமலே வரும்.

ரியூஷன் ஆசிரியர்களிடம் கொஞ்சம் நேராகவே கேட்கிறேன். முன்கூட்டியே நிரப்பிய அட்டவணையோடு நோட்டு கொடுப்பது எதற்கு? பிள்ளை பாடசாலையில் செய்முறை செய்யும் முன்பே அதன் "முடிவு" அவள் பையில் இருக்கிறது. வகுப்பாசிரியர் மதிப்பிடுகிற ஐந்து விடயங்களில் ஒன்று, அவதானித்ததைப் பதிவு செய்தல். நோட்டைப் பார்த்துப் பதிவு செய்தல் அல்ல. உங்களுக்கும் நிறையப் பாடம் முடிக்க வேண்டும், நேரம் இல்லை, எனக்கு விளங்குகிறது. நோட்டு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அட்டவணையை வெறுமையாக விட்டு, கேள்விகளை மட்டும் கொடுங்கள். அறுபதில் கூட வந்தால் என்ன காரணம் இருக்கலாம், திரும்பச் செய்தால் எதை மாற்றுவாய், இப்படி. பிள்ளைகள் தங்கள் தங்கள் பாடசாலையில் எடுத்த உண்மையான எண்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்துப் பாடசாலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிற வசதி உங்களுக்குத்தான் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. ஒரே செய்முறைக்குப் பத்து விதமான வரைபு வந்தால் அதைவிட நல்ல பாடம் ஏது?

பெற்றோரே, செய்முறையோ பரீட்சையோ முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்து, போனில் நண்பர்களோடு "உனக்கு என்ன வந்தது, எனக்கு ஏன் வரவில்லை" என்று மணிக்கணக்கில் கதைத்தால் தயவுசெய்து குறுக்கே போகாதீர்கள். முடிந்ததைப் பேசி என்ன பயன் என்று அதட்டவும் வேண்டாம். அதுவும் படிப்புத்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்க ஆசையென்றால், மருந்துக் கடையில் மூன்று சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு வாங்கலாம். பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் சில துளி விட்டால் நுரைக்கும், அவித்த துண்டில் நுரைக்காது. கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அப்புறம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கு எப்படி நுரைக்கும் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கூகுளைத் தட்டாமல், ஒரு கிழங்கை உள்ளே வைத்துவிட்டுப் படுக்கப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வுகூட உதவியாளர்,
இலண்டன்