மகளுக்கு, மஞ்சள் ஆற்று ராச்சியம் பற்றி

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மற்றபடி இங்கே புதினம் ஒன்றுமில்லை.

போன கிழமை பேரன் கதைத்தபோது, "அம்மா சின்ன வயதில் கம்ப்யூட்டர் கேமே விளையாடியதில்லையாம், அம்மப்பா" என்றான். நீயா அப்படிச் சொன்னாய்? 1985 இல் லண்டன் மாமா தூக்கிக்கொண்டு வந்த பீபீசி மைக்ரோ கம்ப்யூட்டரை மறந்துவிட்டாயா? நம் தெருவில் வேறு யார் வீட்டில் இருந்தது!

சரி, பெயர் மறந்திருக்கலாம். மெஷினோடு இலவசமாக வந்த 'வெல்கம்' கசெட்டில் இருந்ததே, மஞ்சள் ஆற்று ராச்சியம். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் நிறைந்திருந்த மெஷின் அது. ஆனாலும் அந்த விளையாட்டைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. சும்மா வந்த சாமானுக்கு மதிப்பில்லை போல.

டேப் ரெக்கோடரின் சத்தம் கூடினாலும் விளையாட்டு மெஷினில் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. நீதான் அந்தக் குமிழைச் சரியான இடத்தில் பிடித்து வைப்பாய், நான் கிட்ட வந்தால் கையைத் தட்டிவிடுவாய். பிறகு டீவியில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலை, நடுவில் மூன்று கிராமம். முன்பிருந்த தலைவனைக் கள்ளர் கொன்றுவிட்டார்கள், இனி நீதான் பொறுப்பு. குளிர்காலம், விதைப்பு, அறுவடை என்று வருடத்துக்கு மூன்று பருவம். ஒவ்வொன்றிலும் அணைக்கு எத்தனை பேர், வயலுக்கு எத்தனை பேர், கள்ளருக்குக் காவல் எத்தனை பேர் என்று கேட்கும். எத்தனை கூடை நெல் விதைப்பது என்பதும் உன் முடிவுதான். கூட விதைத்தால் சாப்பிட இராது, குறைய விதைத்தால் அடுத்த வருடம் இராது. வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் தம்பலகாமத்து வட்டவிதானைக்கு இருந்த தலையிடி எல்லாம் அதற்குள் இருந்தது.

தம்பி எல்லாரையும் வயலுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளம் வந்ததும் விழுந்து விழுந்து சிரிப்பான். நீ கொப்பியில் கோடு போட்டுக் கணக்கு எழுதுவாய். அந்தக் கொப்பியை நான் வேலையிடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியது உனக்குத் தெரியாது.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைப்பெடுத்தது. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். குளக்கோட்டன் கட்டிய குளம் உடையாது என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியப்பா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ விளையாட உட்கார்ந்தால் ஆட்களை எல்லாம் அணையில்தான் நிறுத்துவாய். அணை நிற்கும், கிராமத்தில் சோறு இராது. "பிள்ளை, வயலுக்கும் கொஞ்சப் பேரை விடு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "அணை உடைந்தால் என்ன செய்வீர்கள் அப்பா?" என்று திருப்பிக் கேட்பாய்.

1990 இல் யுத்தத்தால் ஊரை விட்டு ஓடினபோது மெஷினை விட்டுவிட்டோம். கசெட் மட்டும் அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் கிடந்து தப்பியது. இப்போது இன்டர்நெட்டிலேயே அதை விளையாடலாம் என்று தம்பி சொல்கிறான். பேரனுக்கு ஒருநாள் காட்டு. ஆட்களைப் பிரித்து விடச் சொல்லு, எல்லாரையும் ஒரே இடத்தில் நிறுத்த விடாதே.

காசு வந்தது. முன்பை விடக் கூட அனுப்பியிருக்கிறாய், இவ்வளவு எங்களுக்கு எதற்கு? இரவு வேலையும் செய்கிறாயாம், பெரியம்மா சொன்னா. உனக்கென்றும் கொஞ்சம் வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுத்தால் பின்னால் மருமகனின் சத்தமும் கேட்கும். அவர் சுகம்தானே? நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நீ கெட்டிக்காரி, உனக்குத் தெரியும். ஆனால் நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா பாரைக் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறா. பழைய விலாசத்துக்கே போடலாமா? மாறியிருந்தால் புது விலாசத்தை மட்டும் எழுதி அனுப்பு, வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அப்பா