படகுக்குப் புது இன்ஜின்: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் 27 அடி பாய்மரப் படகு போன வாரம் மலேசியாவின் லங்காவியில் உள்ள ரெபாக் மெரினா என்ற படகுத்துறையிலிருந்து புது இன்ஜினோடு கடலுக்குப் போய்விட்டது. உதவிய ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் யார் என்ன செய்தார்கள் என்பதை நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

பாய் இருக்கும்போது இன்ஜின் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலாக்கா நீரிணைக் காற்றை நம்பி நேரம் குறிக்க முடியாது. காற்று செத்துப்போனாலும் நீரோட்டம் நிற்பதில்லை. படகை அது இழுத்த இழுப்புக்குக் கொண்டுபோகும். எங்கள் பழைய இன்ஜினான யான்மார் 1ஜிஎம்10 இத்தனை காலமும் எங்களைப் பத்திரமாகக் கரை சேர்த்தது. ஒற்றை சிலிண்டர், 9 குதிரைத்திறன், கடல்நீரே உள்ளே ஓடிக் குளிரவைக்கும் வகை. பல வருஷம் உப்புத்தண்ணீர் ஓடிய எந்த இரும்பும் ஒருநாள் அரிக்கத்தான் செய்யும். அதன் இடத்தில் இப்போது பீட்டா 14 என்ற புது இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானின் கூபோட்டா நிறுவனத்தின் இரட்டை சிலிண்டர் இன்ஜினை வைத்து இங்கிலாந்தில் தயாரிப்பது. இதில் இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர், அதனால் அந்த அரிப்புக் கவலை இல்லை.

முதல் நன்றி பட்டர்வொர்த்திலிருந்து வந்த மெக்கானிக் அண்ணனுக்கு. பழைய இன்ஜினைத் தூக்கியதும் அவர் புது இன்ஜின் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே குனிந்து, இன்ஜின் உட்காரும் கட்டையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மந்தமாக வந்தது. மேலே ஃபைபர் நன்றாகத்தான் தெரிந்தது. உள்ளே மரம் எண்ணெய் ஊறி இற்றுப்போயிருந்தது. "இது மேல வச்சா ரெண்டு வருஷம்கூடத் தாங்காது தம்பி" என்றார். சரி, வெட்டி எடுத்தோம். அந்த வேக்காட்டில், முகமூடி மாட்டிக்கொண்டு, கிரைண்டர் தூசிக்குள் படுத்து வேலை செய்தவர்கள் பக்கத்துப் படகுக் கணவனும் மனைவியும். எபாக்ஸி பிசின் பூசி ஃபைபர் போடக் கற்றுக்கொடுத்தது அந்த அக்காதான். இருவரும் ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

லங்காவியின் குவா நகரத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அங்கிளுக்கும் நன்றி. இன்ஜினையும் புரொப்பெல்லர் தண்டையும் (ஷாஃப்ட்) இணைக்கும் பழைய கப்ளிங் புது கியர்பாக்ஸுக்குப் பொருந்தவில்லை என்றதும், கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு எங்களுக்குப் புதிதாகக் கடைந்து கொடுத்தார்.

இன்ஜினை இறக்கிய நாள் அசல் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிக் கைகொடுக்கும் வேலை. பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பூம் கட்டைக்கு முட்டுக்கொடுத்து, அதில் எடை தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை மாட்டி, வாசல் வழியாக இன்ஜினை அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டோம். கூப்பிடாமலே வந்து கயிறு பிடித்த யார்டு தம்பிகளே, உங்களில் சிலர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கயிறு ஆடாமல் நின்றது உங்களால்தான்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது இன்ஜினையும் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது. கரையில் வைத்து ஒருமுறை சரிபார்த்தாகிவிட்டது. மெக்கானிக் அண்ணனுக்கு அது போதவில்லை. தண்ணீரில் இறங்கினால் படகின் உடம்பு கொஞ்சம் வளையும், ஷாஃப்டும் இன்ஜினும் விலகிவிடும் என்று சொல்லி, படகு மிதந்த பிறகு மறுபடி வந்தார். ரெண்டு கப்ளிங் முகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து மேலே, கீழே, இடம், வலம் என்று இடைவெளி பார்த்தார். நாலு அங்குலக் கப்ளிங்கில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இன்ஜினைத் தாங்கும் மவுண்டின் நட்டைக் கால் சுற்று திருப்பி, மறுபடி அளந்து, மறுபடி திருப்பி... சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. எழுந்தபோது முட்டி இரண்டும் சிவந்திருந்தன. இன்று முழு வேகத்தில் ஓடும்போதும் தரையில் வைத்த தேநீர்க் கோப்பை அதிர்வதில்லை. அந்த வேலைக்கு நான் கொடுத்த கூலி போதாது என்று எனக்குத் தெரியும் அண்ணே.

இன்ஜின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுபோகச் சொன்ன ஆஸ்திரேலிய மாலுமிக்கும், இன்ஜின் பெட்டியைப் படகுத்துறையிலிருந்து தன் லாரியில் ஏற்றிவந்த மாமாவுக்கும், எங்கள் எல்லாருக்கும் சோறு கட்டிக்கொண்டு வந்த என் தங்கைக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று. பழைய 1ஜிஎம்10-இன் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. அதே இன்ஜின் வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். கழற்ற நானும் கூட நிற்கிறேன்.