கடையைப் பூட்டிவிட்டாவது போங்கள்

ஆசிரியருக்கு,

பழைய வாகனம் உடைத்து உதிரிப்பாகம் விற்கும் எங்களிடம் தொழில் மாநாடு என்று சொன்னால், "போய் என்ன கிடைக்கும்?" என்றுதான் ஹட்டன் பக்கம் கேட்பார்கள். சரி, விபத்தில் நசுங்கிய பிரியஸ் ஹைபிரிட் கார் (பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுவது) ஒன்று வந்தால், அதிலுள்ள ஹைபிரிட் பேட்டரி 200 வோல்ட் அளவில் இருக்கும், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றாமல் உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு வயரில் கை வைக்கக்கூடாது, வெடிக்காத ஏர்பேக்கைச் சுத்தியலால் தட்டக்கூடாது என்றெல்லாம் பட்டறைப் பையனுக்கு யார் சொல்லித் தருவது? பிளாட்டினம், பலேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகம் உள்ள கட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) இரும்பு விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1943 முதல் இத்தொழிலுக்குச் சங்கமே உண்டு, வருடாவருடம் மாநாடும் வைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாக வியாபாரிகளையும் கூப்பிட்டுக் கண்டியில் ஒரு நாள் வைத்தால் போதும், பஸ் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றுதான் வியாபாரம்.

உதிரிப்பாக வியாபாரி,
ஹட்டன்