கிளப் எண்ணிக்கையை வைத்து எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்து லீக்குகளில் கிளப் கிளப்பாக மாறி ஆடும் முன்கள ஆட்டக்காரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அடெபாயோ அக்கின்ஃபென்வாவை ‘எங்கும் நிலைக்காதவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இது அவருக்கு இழைத்த அநியாயம். எத்தனை கிளப் என்பதைவிட என்ன ஒப்பந்தத்தில் ஆடினார் என்று பார்த்திருக்க வேண்டும்.

2003-04 சீசனில் அவர் நான்கு கிளப்புகளுக்கு ஆடினார்: பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ், டான்காஸ்டர் ரோவர்ஸ். யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில், அதற்கு முன் அவர் ஆடிய வேல்ஸ் கிளப்பான பேரி டவுன் 2003-ல் பண நெருக்கடியில் சிக்கி ஆட்டக்காரர்களை விட்டுவிட்டது. சீசன் தொடங்கிய பிறகு வேலை தேடி வருபவருக்குச் சிறிய கிளப்புகளிடம் சம்பளப் பணம் மிச்சம் இருக்காது. குறுகிய கால ஒப்பந்தம்தான் கிடைக்கும். காயம்பட்ட ஆட்டக்காரர் திரும்பியதும் வந்தவர் கிளம்ப வேண்டியதுதான். அடுத்த சீசன் முழுவதும் டார்கீ யுனைடெட்டில் ஆட வாய்ப்புக் கிடைத்தது. லீக்கில் மட்டும் 14 கோல் போட்டார்.

இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் 30-ல் முடியும். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்ற பட்டியலைக் கிளப்புகள் மே மாதமே வெளியிட்டுவிடும். 24 வயதைத் தாண்டியவர் ஒப்பந்தம் முடிந்து போனால் பழைய கிளப்புக்கு ஒரு பவுண்டுகூடக் கிடைக்காது, புதிய கிளப்பும் எதுவும் தர வேண்டாம். முப்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான் கிடைக்கும். 2016 மே 30 அன்று வெம்ப்ளியில் நடந்த லீக் டூ (நான்காம் நிலை லீக்) பிளே-ஆஃப் இறுதியில், அதாவது மேல் லீக்குக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தில், ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கிளப்புக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, பெனால்டியில் கோல் போட்டு 2-0 வெற்றியை உறுதிசெய்த அக்கின்ஃபென்வா, ஆட்டம் முடிந்ததும் நேரலையிலேயே தனக்கு வேலை இல்லை, மேலாளர்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிடலாம் என்றார். அப்போது அவருக்கு வயது 34. வைகோம்ப் வான்டரர்ஸ் எடுத்துக்கொண்டது. 2022-ல் ஓய்வு பெறும்வரை ஆறு சீசன் அங்கேதான். 2018-ல் மூன்றாம் நிலையான லீக் ஒன்னுக்கும், 2020-ல் அந்தக் கிளப்பின் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்புக்கும் ஏறினார்கள். நிலைக்காதவர் என்று இவரையா சொல்வது?

அங்கே ஒத்துப்போனதற்குக் காரணம் ஆட்டமுறை. நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளவர் ஓடிப் பந்தைப் பிடிக்க மாட்டார். நீளப் பந்து வருவதற்கு முன்பே தடுப்பாட்டக்காரர் மீது முதுகைச் சாய்த்து இடத்தைப் பிடித்துக்கொள்வார். பந்தை மார்பில் வாங்கிக் காலடியில் இறக்குவார். அந்த நொடியில் சில கஜ தூரத்துக்குள் இன்னொருவர் ஓடி வந்திருக்க வேண்டும். வராவிட்டால் பந்து போய்விடும், திரும்ப ஓடித் தடுக்க அவரால் முடியாது, நடுக்களம் திறந்து கிடக்கும். எதிரணியைக் கடைசிவரை துரத்தி நெருக்கும் பாணியை விரும்பும் மேலாளர் வந்தால், எத்தனை கோல் போட்டிருந்தாலும் இப்படிப்பட்டவருக்கு இடம் இருக்காது.

நன்றாக ஆடியதாலேயே கிளப் மாறுபவர்களும் உண்டு. பிரிஸ்டல் ரோவர்ஸுக்காக 2008-09 லீக்கில் 29 கோல் போட்ட ரிக்கி லாம்பர்ட்டை அடுத்த சீசன் தொடக்கத்திலேயே சவுதாம்ப்டனுக்கு விற்றுவிட்டார்கள். சிறிய கிளப்புக்கு அந்தப் பணம் தேவை. சவுதாம்ப்டனில் அவர் அடித்த 34 பெனால்டிகளும் கோல்.

இனி இத்தகைய ஆட்டக்காரர்களின் அட்டவணையை வெளியிடும்போது நிரந்தர ஒப்பந்தம், கடன் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக அனுப்புவது), குறுகிய கால ஒப்பந்தம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டுங்கள். தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்களையும் மாற்றாக இறங்கியவற்றையும் பிரியுங்கள். கடைசிப் பத்து நிமிடம் இறங்கியவரையும் முழு ஆட்டம் ஆடியவரையும் ஒரே எண்ணில் சேர்ப்பதால்தான் கோல் விகிதம் தப்பாகத் தெரிகிறது. பெனால்டி கோல்களுக்கும் அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி